ஆப்ட்டா, பிளாட்பேக்கா?

"எத்தன தடவ சொன்னேன் கனி, ஆப்ட்டுல போட்டதே போதும்னு! இப்பப் பாரு, படமே வரல."

காரிமங்கலத்துக் கல்யாண மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் போட்ட மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வன் கத்தினான். நாதஸ்வரச் சத்தத்தில், பக்கத்தில் நின்ற கனிமொழிக்கே கத்தினால்தான் கேட்டது.

"ஆப்ட்டுல இருக்கறது ரெண்டு வருசத்துப் பழசுங்க. அதான் பிளாட்பேக்குல புதுசா போட்டேன்" என்று அவளும் கத்தினாள்.

கல்யாணத்தை லைவாகக் காட்டுவது இவர்கள் பொறுப்பு. "ஆளு எதுக்கு, நாங்களே பாத்துக்கறோம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் தமிழ்ச்செல்வன்தான். அதைப் பார்க்கப் போகிறவர் ஒரே ஒருவர், பெண்ணின் அண்ணன், மஸ்கட்டில் வேலை செய்யும் இளம்பரிதி. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கிய மனிதர், கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு இன்னும் பத்தே நிமிடம்.

லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேரை இரண்டு வழியில் ஏற்றலாம். ஆப்ட் என்பது பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது, எல்லாருக்கும் ஒரே சமையல். பிளாட்பேக் டிபன் கேரியர், தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டு வந்துவிடும். எது உசத்தி என்பதில் இவர்கள் இருவருக்கும் ஆறு மாதமாக ஓயாத சண்டை.

காலையில் தமிழ்ச்செல்வன் லைவ் காட்டும் சாஃப்ட்வேரை ஆப்ட்டில் ஏற்றி, எட்டே முக்காலுக்கு லைவ் தானாக ஆரம்பிக்கும்படி நேரம் வைத்துவிட்டு வேட்டி மாற்றப் போனான். திரும்பி வந்தால் திரையில் கனிமொழியின் பிளாட்பேக் உட்கார்ந்திருந்தது. கேமராவின் படம் வரவேண்டிய இடம் கன்னங்கரேலென்று கிடந்தது.

"என்னோடத என்ன பண்ணுன?"

"பெருக்கல் குறிய அமுக்கி மூடிட்டேன்."

"மவுஸக் குடு, நான் தொறக்கறேன்."

"குடுக்க மாட்டேன். பர்மிசன் குடுத்தா இதுவே ஓடும், ரெண்டே நிமிசம்."

மவுஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது. தமிழ்ச்செல்வன் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தங்கள் பக்கம் திருப்பி வைத்து, வயரை அழுத்திப் பார்த்தான். அதன் சிவப்பு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்குது. ஒன் பிளாட்பேக்குக்குத்தான் கண்ணு தெரியல."

"போன பொங்கலுக்கு ஆப்ட்டுல என்னத்தையோ அழிக்கப்போயி, மொத்த லேப்டாப்பையும் படுக்க வெச்சீங்களே, அது மறந்துபோச்சுங்களா? நமக்குள்ள ஒத்தே வராதுங்க!"

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. தவில்காரர்கூட அடியைக் குறைத்துக்கொண்டு காது கொடுத்தார்.

பெண்ணின் தாய்மாமன் முனியப்பன் மூன்றாம் முறையாக ஓடிவந்தார். "இன்னும் முடியலீங்களா? நேரம் ஓடுது!"

"ரெண்டே நிமிசம் மாமா!" என்றார்கள் இருவரும். காலையிலிருந்து அவர்கள் ஒற்றுமையாகச் சொன்னது இது ஒன்றைத்தான்.

கனிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. மை கரையாமல் விரல் நுனியால் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணன் பாக்காம இன்னிக்கி எதுவும் நடக்கக் கூடாது. அவ்ளோதான் சொல்லுவேன்."

அதைக் கேட்டதும் தமிழ்ச்செல்வனுக்கு வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

"அழுவாத கனி. ஒன் பிளாட்பேக்கே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

"வேணாங்க. உங்க ஆப்ட்டையே தொறங்க."

"ஏன், பிளாட்பேக்குக்கு என்ன கொறச்சல்?"

"ஆப்ட்டுக்கு மட்டும் என்னங்க கொறச்சல்?"

அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது. கட்சி மட்டும்தான் மாறியிருந்தது.

அதற்குள் முனியப்பன் தன் போனை நீட்டினார். "மஸ்கட்டுலருந்து பரிதி. ஏழெட்டு தடவ கூப்ட்டிருக்கான், மோளச் சத்தத்துல கேக்கவே இல்ல."

இரண்டு பேருக்கும் முகம் செத்துவிட்டது. தமிழ்ச்செல்வன் போனை வாங்கி ஸ்பீக்கரைப் போட்டான்.

மறுமுனையில் முதலில் சிரிப்புதான் கேட்டது. மூச்சு வாங்கும் சிரிப்பு, அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.

"பெருக்கல் குறிய அமுக்குனா திரையிலதான் மறையும், ஆப்ட்டு கேமராவப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்குது! பத்து நிமிசமா உங்க சண்டையத்தான் லைவா பாத்துக்கிட்டிருக்கேன்... போதும் மாப்ள, போயி எந்தங்கச்சி கழுத்துல தாலியக் கட்டுங்க!"