கல்யாணக் காரின் பம்பர்

ராஜபாளையத்தில் அல்லா பிச்சையின் குரோமியம் பூசும் பட்டறைக்குள், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகச் சாயங்கால வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. நாளைக் காலையில் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குப் போகவேண்டிய பழைய மோரிஸ் கார், முன்பம்பர் இல்லாமல், பல் செட்டைக் கழற்றியவர் போல வாசலில் நிற்கிறது. துருவைச் சுரண்டித் தேய்த்து, நிக்கல் ஏற்றிய பம்பர், கரண்ட் பாயும் குரோமியக் கரைசல் தொட்டிக்குள் கிடக்கிறது. "கரண்ட் போயிராம இருக்கணுமே பாய்," என்று பெண்ணின் தகப்பனார் சுயம்புலிங்கம் மேலே எரியும் பல்பையே பார்க்கிறார். "அதை முறைக்காதிய அண்ணாச்சி, பயந்து அணைஞ்சிரப் போவுது," என்கிறார் அல்லா பிச்சை. செத்த நேரம் கழித்து சுவிட்சை அணைத்துவிட்டு, கொக்கியைப் பிடித்துத் தூக்குகிறார். பம்பர் முழுக்கப் பழுப்பு நீர் வடிகிறது. "என்ன பாய், கருப்பட்டிப் பாகுல முக்குனாப்புல இருக்கு!" சுயம்புலிங்கம் தலையில் கை வைக்கிறார். அல்லா பிச்சை அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். பழுப்பு வழிந்தோட, பளீரென்று வெளிச்சம் கூரைவரை துள்ளுகிறது. சுயம்புலிங்கம் குனிகிறார். வளைந்த பம்பரில் அவர் முகம் பூசணிக்காயாக அகன்று சிரிக்கிறது. மனைவி செல்லக்கனி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பந்தி நாளைக்குத்தான், அதுக்குள்ள இம்புட்டு ஊதிட்டியளே!" என்கிறாள். பக்கத்திலேயே இன்னொரு பூசணிக்காய் மூக்குத்தியோடு சிரிக்கிறது.