இரண்டு ஈழத்தலரிகள்

“அந்தச் செடியைத் தோண்டாதீங்க சார், சொல்லுதேன்ல! முனி இருக்கு!”

வேல்சாமி மூச்சிரைக்கக் கத்தினார். கரடியே எதிரே வந்தாலும் ‘போலே’ என்று விரட்டுகிற ஆள் என்றுதான் குற்றாலத்தில் சொல்லியிருந்தார்கள். முப்பது வருடமாக மலையில் தேனெடுப்பவர், போயும் போயும் ஒரு பூச்செடிக்குப் பயப்பட்டார்.

பாளையங்கோட்டையில் தாவரவியல் படிக்கும் அந்த இளைஞன் களைக்கொத்தியைக் கீழே வைக்கவில்லை. செண்பக அருவி தாண்டியதுமே அவன் பாதையை விட்டு விலகிவிட்டான். வழிகாட்ட வந்த வேல்சாமி பின்னால் ஓடிவர வேண்டியதாயிற்று.

எதிரே இரண்டு ஈழத்தலரிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றன. காற்று இல்லை, ஒரு பறவைச் சத்தமும் இல்லை. பூக்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொத், சொத்தென்று உதிர்ந்துகொண்டிருந்தன.

“இது காட்டுச் செடியே இல்லையே அண்ணாச்சி. கடல் தாண்டி வந்தது. வெயிலும் காஞ்ச மண்ணும் கேக்கும். இந்தச் சாரல்ல எப்படி முளைச்சுது?”

“குருவி விதை போட்டிருக்கும்.”

“யாரோ கிளையை ஒடிச்சு ஊனியிருக்காங்க. மேல பாருங்க. வெயில் விழணும்னு சுத்தியிருக்கிற கொப்பையெல்லாம் வருசா வருசம் வெட்டி விட்டிருக்கு. அந்த வெட்டு பச்சையாவே இருக்கு.”

வேல்சாமி கையிலிருந்த அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எல்லாம் முனி வேலை சார். பன்னெண்டு வருசத்துக்கு முன்ன, அம்பதாம் வருசத்துல, என் கூட்டாளி சேக் மைதீனை அதுதான் தேனருவி வெள்ளத்துல தள்ளிட்டு. பொணம்கூடக் கிடைக்கல. அவன் பொஞ்சாதி வெள்ளைச் சேலை கட்டாம இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. தோண்டினா நம்மளையும் விடாது. வாங்க, போயிருவோம்.”

இளைஞன் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். முள் ஆடி நின்றது. ஒரு செடி நேர் வடக்கே, மற்றது நேர் தெற்கே. நடுவே அடி வைத்து அளந்தான். ஆறடி. அந்த இடம் மட்டும் லேசாகக் குழி விழுந்திருந்தது.

களைக்கொத்தியைத் தூர வைத்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டான். ஓரமாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏந்தினான். உதடுகள் அசைந்தன. பார்த்துக்கொண்டிருந்த வேல்சாமி இரண்டடி பின்வாங்கினார்.

“தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. அடக்குன இடத்துல பச்சைக் கிளை ஊனுறது எங்க வழக்கம். அதைக்கூட மறக்காம செஞ்சிருக்கீங்க” என்றான் இளைஞன், திரும்பிப் பார்க்காமல்.

“இம்புட்டும் முறையாச் செஞ்ச நீங்க, எங்க வாப்பாவை ஏன் அண்ணாச்சி கொன்னீங்க?”