வெளியில ரெண்டு

“வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன். வெளியில ரெண்டை வச்சு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காருண்ணே!”

தங்கச்சி தெருவாசலில் நின்று அண்ணனிடம் போட்ட சத்தத்தில் எதிர்வரிசை ஜன்னல்கள் திறந்துகொண்டன. மாடி வீட்டு அக்கா, ஏற்கெனவே காய்ந்த துணியை இன்னொரு முறை உதறிக் காயப்போட்டாள்.

“தூக்கத்துலகூட அதுங்க நெனப்புதான். ‘சூடாகாத, இதோ வந்துட்டேன்’னு பொலம்பறாரு. பக்கத்துல படுத்திருக்கற எனக்கு எப்படி இருக்கும்?”

அண்ணனுக்கு மீசை துடித்தது. “யாரு அதுங்க?”

“இஸ்திரி மிஷினுண்ணே! ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல ரெண்டு மிஷினையும் உங்க மாப்பிள்ளை ஒருத்தரே ஓட்டறாரு.”

ஜன்னல்கள் ஏமாற்றத்தோடு சாத்திக்கொண்டன. மாடி வீட்டு அக்கா மட்டும், முழுசாகக் கேட்டுவிட்டே போகலாம் என்று நின்றாள்.

அண்ணனுக்குத் தெருவில் ‘மைக்செட்’ என்று பெயர். ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அவரும் ஒரு காலத்தில் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். தங்கச்சி புருஷனை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். தலைவரான பிறகு சலவைக்கும் அவருக்கும் மிச்சமிருந்த உறவு, அவர் போட்டிருந்த மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை ஒன்றுதான்.

“ஒரு ஆளுக்கு ஒரு மிஷின்னு ஒப்பந்தமே போட்டிருக்கோம்! மீறினா சும்மா விடுவோமா?” எதிரில் நின்றது ஒருத்திதான் என்றாலும், குரல் என்னவோ ஊர்வலத்துக்கானது.

“ஒப்பந்தத்தை நீங்களே வச்சுக்குங்க. மனுஷன் சோத்துல கையை வச்சபடியே தூங்கறாரு. நேத்து கையைச் சுட்டுக்கிட்டாரு. நாளைக்கு துணியோட சேர்ந்து மிஷின் உருளைக்குள்ள கையே போயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அவரை இழுத்துட்டு வந்துடுவேன்.”

தங்கச்சி பின்தொடர, அடுத்த நிமிடமே மைக்செட் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, நீண்ட நடைவழியைக் கடந்து, ஒரு கதவை ஆவேசமாகத் தள்ளித் திறந்தார். உள்ளே கட்டுத்துணியும் பஞ்சும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

“அது இல்லண்ணே, இந்தப் பக்கம்” என்று தினமும் சாப்பாடு கொண்டுவரும் தங்கச்சிதான் வழிகாட்ட வேண்டியிருந்தது.

சலவைக் கூடத்தில் ஒரே ஆவி. கையில் கட்டோடு மாப்பிள்ளை ஒரு மிஷினுக்குப் படுக்கை விரிப்பை ஊட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடினார். அங்கே ஊட்டுவதற்குள் முதல் மிஷின் கத்தியது. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்கூட இந்த ஓட்டம் ஓடியிருக்க மாட்டாள்.

வெள்ளைச் சட்டையைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. “நீங்க எதுக்கு மச்சான் இங்க? பழகிப்போச்சு, விட்டுடுங்க. பேச வேணாம்.”

“மாப்ள, நீங்க வாயே திறக்காதீங்க. உங்களுக்கும் சேர்த்து நான் பேசறேன்.”

அதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். துணி மடிக்கும் பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

“என் மாப்ள மனுஷனா, மாடா? ஒருத்தர்கிட்ட ரெண்டு பேர் வேலையை வாங்கறீங்களே!” என்றார் மைக்செட்.

“ரெண்டு மிஷினுக்கும் ரெண்டு ஆள் இருக்காங்களே தலைவரே” என்றார் மேலாளர் நிதானமாக. “சம்பளமும் ரெண்டு பேருக்கும் ஒழுங்கா போகுது.”

“அப்ப இன்னொருத்தன் எங்க?”

“அவருக்கு வெளி வேலை அதிகம். உள்ள வந்து நான் பார்த்ததில்ல.”

“வராதவன் இடத்துல வேற ஆளைப் போட வேண்டியதுதானே?”

“போட்டா சங்கம் கொடி பிடிக்குமேன்னு பயம்.”

மைக்செட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இந்தச் சங்கமா? உக்காந்து தின்னுற சோம்பேறிக்கா? இன்னொருத்தன் முதுகுல தன் வேலையை ஏத்திவிட்டு ஊர் சுத்தறவனுக்கு நாங்க கொடி பிடிக்க மாட்டோம் சார், கம்பைத்தான் பிடிப்போம்!”

பெண்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருத்தி விசில்கூட அடித்தாள். கைதட்டல் கேட்டால் மைக்செட்டுக்கு நிறுத்தத் தெரியாது.

“அவன் எந்தக் கொம்பனா வேணா இருக்கட்டும். இந்த நிமிஷமே இங்க நிறுத்தி வேலை செய்ய வைக்கிறேன்!”

“மச்சான், போதும் மச்சான்...” என்றார் மாப்பிள்ளை. யாருக்கும் கேட்கவில்லை.

“நிஜமாவாண்ணே?” என்றாள் தங்கச்சி, கண் கலங்க.

“உன் மேல சத்தியம்மா!”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். சத்தியம் வேறு செய்தாயிற்று.

கத்திக்கொண்டிருந்த மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை மெல்ல அவிழ்த்து, ஒரு உதறு உதறி, அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நீட்டினார்.

“கட்டிக்குங்க மச்சான்... உங்க மிஷின் சூடாயிடுச்சு.”