இரண்டு பச்சைக் கோடுகள்

“அக்கா, என் பேரு வேணு. வயசு இருபத்தாறு. மலேசியாவுல, பினாங்குல இருக்கறேன். உங்க ஐ.சி.யூ.ல மூணாம் நம்பர் பெட்டு தாட்சாயணி எங்கம்மா. நீங்க நம்ப புத்தூரு ஆளுன்னு சொல்லி தங்கச்சிதான் நம்பர் குடுத்துச்சி. கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா.”

வேணு பேசப் பேசக் கைப்பேசி அதை எழுத்தாக்கிக்கொண்டே போனது. தட்டி எழுதப் பொறுமையில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சுலோசனாவுக்கு அதை அனுப்பி முடித்ததுமே தங்கை கீர்த்தியின் அழைப்பு வந்தது.

“அண்ணா, சார்ஜு இல்ல, சீக்கிரம் பேசு. துன்னியா?”

“அத்த வுடு. அம்மா எப்டி இருக்கறாங்க?”

“நல்லா இருக்கறாங்கண்ணா. காலையில நாடி நூத்தி இருவது, நூத்தி முப்பதுன்னு குதிச்சிக்கினு இருந்துச்சே, இப்ப கொஞ்ச நேரமா எழுவத்தி ரெண்டு. கண்ணாடி வழியா பாத்துக்கினே நிக்கறேன்.”

வேணு அன்றைக்கு முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நைனா?”

“காணிப்பாக்கம் புள்ளையாருக்கு வேண்டிக்கினு, இப்பத்தான் ரெண்டு இட்லி துன்னாரு. ‘உங்கண்ணன் அங்க இன்னாத்த கிழிக்கறான்’னு கேட்டாரு. கோடு போடறான்னு சொன்னேன்.”

“கிண்டலா?”

“பின்ன? மெஷினுக்குள்ள வெக்கற பச்ச அட்டையில செம்புக் கோடு போட மலேசியா வரைக்கும் போவணுமா?”

அவள் சிரித்தது அவனுக்குத் தெம்பாக இருந்தது. பேச்சை வளர்த்தான்.

“போடறது பெருசில்ல பாப்பா, தள்ளித் தள்ளிப் போடறதுதான் வேலை. சிக்னல் வேகமா ஓடற ரெண்டு கோடு ஒட்டிக்கினு போனா, இதுல ஓடறது அதுல போயி விழும். அந்தக் கோடு சும்மா கெடந்தாக்கூட, பக்கத்துக் கோட்டுல ஓடறதையே தன்னுது மாதிரி காட்டும்.”

“போண்ணா, தல சுத்துது. போன ஆடிக் கிருத்திகைக்கி வந்தவன், அதோட சரி. அம்மா கண்ணு முழிச்சதும் உன்னத்தான் தேடுவாங்க.”

“டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்கி சாயங்காலம் அங்க இருப்பேன்.”

“நீ வர்றதுக்குள்ள அம்மாவும் பக்கத்து பெட்டு ரத்னம்மாவும் எழுந்து உக்காந்துடுவாங்க பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே மெஷினுதாண்ணா. மேல பச்சக் கோடு அம்மாது, கீழ அவங்களுது. அவங்களுக்கும் எழுவத்தி ரெண்டு! அந்தம்மா இருமினா எழுவத்தெட்டு ஆவுது. ஒடனே நம்ப அம்மாதும் எழுவத்தெட்டு. ரெண்டும் பேசி வெச்சிக்கினு ஓடறாப்ல இருக்குது.”

வேணு எழுந்து நின்றான்.

“கீர்த்தி, அந்த மெஷின ஒரு போட்டோ எடு.”

“வாட்ச்மேன் திட்டுவாருண்ணா.”

“எடுன்னு சொல்றேன் இல்ல!”

படம் வந்தது. நீலப் பெட்டி, மூலையில் ஆரஞ்சுப் பொத்தான். அந்தப் பெட்டியை அவனுக்குத் தெரியும்.

“கீர்த்தி, உள்ள ஓடு!” என்று கத்தினான். அழைப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. திரும்ப அழைத்தான். அவள் போன் அணைந்து கிடந்தது. சுலோசனாவை அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கைப்பேசியை வாய்க்கருகே கொண்டுபோனான்.

“அக்கா, இத்த யார் படிச்சாலும் சரி, அந்த மெஷின பாக்காதீங்க. போன ஆடிக் கிருத்திகைக்கி அம்மாவ பாக்க வர்ற அவசரத்துல, அதுக்குள்ள இருக்கற அட்டையில ரெண்டு கோட்டையும் ஒட்டிப் போட்டுட்டு, செக் பண்ணாமலே கையெழுத்து போட்டவன் நான்தான். எங்கம்மா கைய புடிச்சி நாடி பாருங்க.”