துலிகா வைத்த பொட்டு

துலிகா இடதுகைச் சுண்டுவிரலைக் கிண்ணத்தில் தொட்டு என் நெற்றியில் மூன்று முறை வைத்தாள்.

அண்ணன் ஆயுளுக்காகத் தங்கை வெண்சந்தனப் பொட்டு வைக்கும் பாய்ஃபோட்டா அன்று எந்தத் தங்கையும் அண்ணனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள். இவள் எமன் அண்ணனிடம் வராதபடி அவன் வாசலில் முள் போடும் மந்திர வரியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இரண்டு நாளாகச் சண்டை. சந்தன்நகர் ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலத்துக்கு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தோம். லாரியில் ஏறி விடியும்வரை கத்த வேண்டியது. அதன் டிரான்சிஸ்டர்களின் சூட்டை அலுமினியத் தகட்டுக்குக் கடத்த நடுவில் எதை வைப்பது என்பதுதான் தகராறு.

நான் ரப்பர் பேட் என்றேன். வெட்டி வைத்துத் திருகினால் வேலை முடிந்தது, கையும் கறையாகாது. அவள் மெல்லிய மைக்காத் தகடு வைத்து, சூடு கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் தடவ வேண்டும் என்றாள். சூடு அதில்தான் சீக்கிரம் இறங்குமாம்.

பாதி வழியில் ஆம்ப் புகைந்தால் சந்தன்நகர்க்காரர்கள் அப்புறம் எங்கள் கடைப்படி ஏற மாட்டார்கள்.

“பேஸ்ட் காஞ்சு போயிடும்டி. அடுத்த வருஷம் சுண்ணாம்பா உதிரும்” என்றேன் நேற்று.

“மட்டமான பேஸ்ட்தான் காயும். நான் வாங்குறது காயாது.”

“காயாதுன்னு காட்டு, பாக்கலாம்.”

இன்று பொட்டு வைத்து, லூச்சிப் பூரியும் சந்தேஷ் இனிப்பும் ஊட்டியபோதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கோ காளி பூஜை வெடிப்புகையில் மூக்கு அடைத்திருந்தது. லூச்சி வாசனையும் தெரியவில்லை, சந்தன வாசனையும் தெரியவில்லை.

ஜெயித்துவிட்ட தெம்பில் கடைக்குப் போய் எல்லாவற்றுக்கும் பேட் வைத்துத் திருகினேன். எதிர் மேசையில் அவள் ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஊர்வலக் கமிட்டி கோகன் பாபு வேலையைப் பார்க்க வந்தார். ஆம்ப்பை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“பொட்டு இப்பதான் வெச்சாங்களா தம்பி? ஈரம் மின்னுதே.”

தொட்டேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

சந்தனம் என்றால் இரண்டாவது லூச்சிக்குள் காய்ந்திருக்கும். நான் பகல் முழுக்க ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

துலிகா குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஒரு நாள் காயாதது ஒரு வருஷத்துக்குச் சாட்சி ஆகாதுதான். ஆனால் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவது? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருகுகளைக் கழற்றி பேட்களை ஒவ்வொன்றாக உரித்தேன்.

“மைக்கா எங்கடி வெச்ச?”

எடுத்து நீட்டினாள். கூடவே பைக்குள்ளிருந்து காலையில் பொட்டு வைத்த அதே பித்தளைக் கிண்ணத்தையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்துக்கும் போதும்ணா. காலையிலயே கணக்குப் பண்ணித்தான் எடுத்தேன்.”