விராலடிப்பான் எழும் திசை

2023 சனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. பறவைகள் காப்பகத்தில் வெடி வைத்துப் பருந்தைக் கிளப்பிப் படம் எடுக்கிறார்கள். அதைத் திறமை என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இது முறையன்று.

அவள் ஏரியின் கீழைக்கரையில் தனியாக அமர்ந்திருந்தாள்.

கேமரா வைத்திருந்த மற்றவர் அனைவரும் மேலைக்கரையில். மாலை வெயில் அவர்கள் முதுகில். பறவையின் மேல் முழு வெளிச்சம். அவளுக்கோ வெயில் கண்ணைக் குத்தியது.

நடுநீரில் பட்டுப்போன கருவேலமரம். அதன் உச்சியில் விராலடிப்பான்.

மீனையே தின்று வாழும் பருந்து அது. ஆயினும் காலையிலிருந்து பாய்ந்து பாய்ந்து வெறுங்காலோடுதான் எழுந்தது. இப்போதுதான் ஒரு கெண்டை அகப்பட்டிருந்தது. தலைப்பக்கத்திலிருந்து கிழித்துத் தின்னத் தொடங்கியது.

வெடித்தால் மீன் நீரில் விழும். பொழுதும் இறங்கிவிட்டது. இரவெல்லாம் பட்டினிதான்.

ஒளிப்படக் குழுவின் தலைவர் தங்கப்பழம் கரையைச் சுற்றி அவளருகே வந்தார். கையில் தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு. இங்கே வெடித்தால் பறவை அங்கே பறக்கும். அங்கே அவருடைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"சூரியனப் பாத்து உக்காந்தா படம் கரிக்கட்டையாத்தான் வரும், தங்கச்சி. அந்தப் பக்கம் போங்க."

"அது தின்னு முடிக்கட்டும், அண்ணாச்சி."

"அதுக்குள்ள வெளிச்சம் போயிரும்லா. அது என்ன, எலை போட்டுப் பந்தியிலயா உக்காந்திருக்கு?"

அவரே சிரித்துக்கொண்டார்.

அவள் கை நீட்டினாள்.

"குடுங்க. நானே கொளுத்துதேன்."

அவர் மகிழ்ந்து தீப்பெட்டியைக் கொடுத்தார்.

அவள் அதை நீரில் முக்கி எடுத்தாள். நன்றாக உதறினாள். பணிவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

தங்கப்பழம் சொட்டும் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேறு வழியின்றி அமர்ந்தார்.

அக்கரையிலிருந்து கைப்பேசியில் அழைத்தார்கள்.

"சும்மா கெடங்கடே" என்று சொல்லி அணைத்தார்.

கெண்டையின் வால் மட்டும் மிஞ்சியது. அதையும் விழுங்கியது. அலகைக் கிளையில் தேய்த்தது.

அவள் முதுகில் கீழைக்காற்று குளிர்ந்தது. தானாக எழும் பறவை காற்றை எதிர்த்தே எழும்.

எழுந்தது.

மேலைக்கரைக்கு முதுகைக் காட்டி, அவளை நோக்கி.

தின்ற கால்களைக் கழுவ அது நீர்மட்டத்துக்கு இறங்கியது. இரண்டையும் தொங்கவிட்டு, ஏரியில் நீண்ட கோடு கிழித்தபடி வந்தது. சிதறிய துளிகள் எதிர்வெயிலில் பற்றி எரிந்தன. விரிந்த சிறகின் ஒவ்வோர் இறகிலும் ஒளி ஊடுருவி நின்றது.

அவள் மூச்சு விடவில்லை. விரலை மட்டும் அழுத்தினாள்.

பறவை இருவர் தலைக்கும் மேலே கடந்தது. சில துளிகள் தங்கப்பழத்தின் வழுக்கையில் விழுந்தன.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் கேமராவின் திரையைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத நம்ம குழு பேர்லயே போட்டிக்கு அனுப்பிரலாமா, தங்கச்சி?"

அவள் கேமராவை அணைத்தாள்.

வாசகரே, பறக்கும் பருந்தின் படம் இனி உம்மிடம் வந்தால், 'அருமை' என்று எழுதுமுன் எடுத்தவரைக் கேளும்: எழுந்தபோது அது தின்று முடித்திருந்ததா? விடை வரும்வரை பாராட்டைத் தராதீர்.