மிளகு வியாபாரியின் ஆங்கிலம்

டாக்டர் அறை வாசலில், மனைவியின் ரிப்போர்ட்டும் கையுமாக மிளகு வியாபாரி மகளிடம் போனில் பேசுகிறார். நாற்பது வருஷம் ஆங்கிலச் சந்தைச் செய்தி படித்தவர். ‘டிப்’ என்றால் விழுந்தது எழுந்துவிடும், ‘டிக்ளைன்’ என்றால் இறங்கிக்கொண்டே போகும் என்பது அவருக்கு அத்துப்படி. தாளில் இருப்பது இரண்டாவது. “ஞாபகத்துல சின்ன டிப்புன்னு போட்டிருக்காரும்மா.” “அப்போ ஏறிடும்ல?” “ஏறாம எங்க போகும், நான் பார்க்காத டிப்பா?” தலைக்கு மேல் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. “அம்மாகிட்ட குடுங்கப்பா.” பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவியிடம் போனை நீட்டுகிறார். அவள் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, மரியாதையாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்கிறாள். “உங்களுக்கு வந்த போன்தானே சார், நீங்களே பேசுங்க.” அவர் போனை மெதுவாகத் தன் காதுக்கே திருப்புகிறார். “என்ன வார்த்தை போட்டிருக்கு, சரியாப் படிங்கப்பா,” என்கிறாள் மகள். அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடுகிறார். அது மூக்கின் மேல்தான் இருக்கிறது.